மாத்திரையா, ஸ்பிரேயா, ஊசியா? அட்லாண்டா புறநகரில் அடுத்த மகரந்தக் காலத்துக்கு முன்

வருகிற ஜனவரிக்குள் எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். மகரந்த ஒவ்வாமையைத் தணிக்க வருடக்கணக்கில் போடும் அலர்ஜி ஊசியை ஆரம்பிப்பதா வேண்டாமா, ஆரம்பித்தால் எனக்கா, ஒன்பது வயது மகனுக்கா, இரண்டு பேருக்குமா? எந்த மகரந்தம் ஆகாது என்று பார்க்கும் தோல் பரிசோதனை ஆகஸ்ட் மாதம் இருவருக்கும் முடிந்தது. டாக்டர் எல்லா வழிகளையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பினார். அன்றிலிருந்து படித்ததையும், ஆறு வசந்தங்களாகப் பட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் அட்லாண்டாவுக்கு வடக்கே ஜான்ஸ் க்ரீக், ஆல்ஃபரெட்டா, கமிங், சுவானி என்று எங்கே போனாலும் மார்ச் பிறந்தால் தமிழ் வீடுகளில் இதுதான் பேச்சு. எங்கள் சப்டிவிஷனிலேயே இதே கேள்வியோடு நாலு குடும்பங்கள் இருக்கின்றன.

புதிதாக வந்தவர்களுக்காக அந்த மார்ச் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். காலை ஏழு மணிக்கு வாசலில் சின்னதாக ஒரு கோலம் போடுவேன். பத்து மணிக்குப் பார்த்தால் வெள்ளைக் கோடு மங்கி, மேலே கடலை மாவைச் சலித்தது போல ஒரு படலம் இருக்கும். கார் கண்ணாடி, தபால் பெட்டி, டெக்கில் கிடக்கும் நாற்காலி, கழற்றிப் போட்ட செருப்பு எல்லாம் அதே நிறம். மழை பெய்தால் சாலையோரத் தண்ணீரில் மஞ்சள் நுரை ஒதுங்கி நிற்கும். அது பைன் மரத்தின் மகரந்தம். 2025 மார்ச் 29, சனிக்கிழமை, அட்லாண்டா அலர்ஜி அண்ட் ஆஸ்துமா நிலையம் அறிவித்த எண்ணிக்கை, ஒரு கன மீட்டர் காற்றுக்கு 14,801 துகள். அதற்கு முன் இருந்த உச்சம் 2012-ல் பதிவான 9,369. மர மகரந்தம் 1,500-ஐத் தொட்டாலே ‘மிக அதிகம்’ என்பதுதான் இங்கே புழங்கும் அளவுகோல். மறுநாள் யுகாதி. பக்கத்து வீட்டுத் தெலுங்குத் தோழிக்கு மாவிலைத் தோரணம் கட்ட உதவலாம் என்று வாசலில் நின்றேன். பத்தே நிமிடத்தில் இரண்டு கண் இமைகளும் வீங்கிவிட்டன.

வந்த முதல் இரண்டு வருடம் எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை. ஊரில் தூசி, புகை எல்லாவற்றிலும் வளர்ந்த நமக்கு இதெல்லாம் என்ன செய்யும் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது வசந்தத்தில் பிடித்துக்கொண்டது. குடிபெயர்ந்து வந்தவர்களில் நிறையப் பேருக்கு இப்படித்தான் நடக்கிறது. ஒரு மகரந்தம் உடம்புக்குப் பகையாக வேண்டுமென்றால், ஓரிரு பருவமாவது உடம்பு அதைச் சந்தித்திருக்க வேண்டும். அதனால் முதல் வருடம் ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருப்பவர்களும் இதைப் படித்து வைக்கலாம். இது குறைந்துவிடும் என்று காத்திருப்பதிலும் பொருளில்லை. 1990 முதல் 2018 வரை வட அமெரிக்காவில் எடுத்த அளவுகளை வைத்து 2021-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, மகரந்தப் பருவம் சுமார் 20 நாள் முன்கூட்டியே தொடங்குகிறது, 8 நாள் கூடுதலாக நீள்கிறது, மகரந்தத்தின் அளவும் சுமார் 21 சதவீதம் கூடியிருக்கிறது என்று கண்டது. ஆகவே ஒரு வருடத்தை எப்படி ஓட்டுவது என்று பார்த்தால் போதாது. இங்கே இருக்கும் காலம் வரைக்கும் யோசித்தாக வேண்டும்.

எந்த வழி நல்லது என்று பார்க்கும் முன்னால் நம்மைப் படுத்துவது எது என்று தெரிய வேண்டும். இதில்தான் நான் மூன்று வருடம் ஏமாந்தேன். மஞ்சள் தூளைப் பார்த்தாலே பயந்தேன், அது நின்றதும் மாத்திரையை நிறுத்தினேன். பைன் மகரந்தம் பெரிய துகள். இரண்டு பக்கமும் காற்றுப்பை வைத்திருக்கும். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கொட்டும், ஆனால் அதனால் ஒவ்வாமை வருபவர்கள் குறைவு. அதே வாரங்களில் சத்தமில்லாமல் பறப்பது ஓக், பிர்ச், ஸ்வீட்கம், மல்பெரி மரங்களின் நுண்ணிய மகரந்தம். பைன் அளவுக்குக் கண்ணில் படாது. ஓக் பூத்திருக்கிறதா என்று தெரிய தரையைப் பார்க்க வேண்டும். பழுப்பு நிறத்தில், கம்பளிப் புழு போல, விரல் நீளச் சரங்கள் டிரைவ்வேயில் கொத்துக்கொத்தாக உதிர்ந்து கிடக்கும். அவை ஓக் மரத்தின் ஆண் பூச்சரங்கள். விழுவதற்குள் மகரந்தத்தைக் காற்றில் விட்டிருக்கும். மார்ச் தொடக்கத்தில் தெருவெல்லாம் வெள்ளையாகப் பூத்து, ஒரு மாதிரி நாற்றமடிக்கும் பிராட்ஃபர்டு பேரி மரத்தையும் பலர் திட்டுவார்கள். அதன் மகரந்தத்தைப் பெரும்பாலும் பூச்சிகள் கொண்டுபோகின்றன. நம்மைத் தும்ம வைப்பவை பெரும்பாலும் காற்றை நம்பி வாழும் மரங்கள், பார்க்க அழகில்லாத பூக்கள்.

எண்களைப் படிப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. நிலையம் தருவது கடந்த 24 மணி நேரத்தில் காற்றிலிருந்து பிடித்து, நுண்ணோக்கியில் எண்ணிய கணக்கு. போனில் வரும் 0 முதல் 12 வரையிலான எண் ஒரு கணிப்பு. இரண்டையும் ஒன்றாக வைத்துக் குழப்பக் கூடாது. அப்புறம், மரத்துக்கும் புல்லுக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. மர மகரந்தம் 60 என்றால் மிதம். புல் 20-ஐத் தாண்டினாலே அதிகம், 200 என்றால் மிக அதிகம். மார்ச்சில் ஆயிரக்கணக்கில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மே மாதம் புல் 60 என்று வந்தபோது ஒன்றுமே இல்லை என்று பட்டது. மகனைச் சாக்கர் பயிற்சிக்கு அனுப்பினேன். அன்று இரவு இரண்டு மணிக்கு அவன் படுக்கையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். நெஞ்சில் காது வைத்துக் கேட்டால் விசில் போல மெல்லிய சத்தம். அந்த இரவுதான் இத்தனை யோசனைக்கும் காரணம்.

பருவக் கணக்கைச் சுருக்கமாகச் சொன்னால், பிப்ரவரியில் எல்ம், ஆல்டர், மேப்பிள். மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரை பைன், ஓக், பிர்ச். மே, ஜூனில் புல். ஆகஸ்ட் நடுவிலிருந்து முதல் உறைபனி வரை ராக்வீட். கோவையில் வளர்ந்த என் கணவர் பார்த்தீனியத்தால் சின்ன வயதிலேயே அவதிப்பட்டவர். அவருக்கு வசந்தம் ஒன்றும் செய்யவில்லை, செப்டம்பர்தான் ஆகவில்லை. ராக்வீடும் பார்த்தீனியமும் ஒரே குடும்பத்துச் செடிகள், ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

அதனால் முதல் செலவைத் தோல் பரிசோதனைக்கே செய்யுங்கள் என்பேன். ஊசி போடப் போவதில்லை என்றாலும் சரி. அலர்ஜி மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அதனால் உச்சப் பருவத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு முதுகில் ஓக்கும் பிர்ச்சும் கொசுக்கடி போலத் தடித்தன. பைன் போட்ட இடத்தில் ஒன்றுமே இல்லை. மகனுக்கு ஓக், பிர்ச், புல் மூன்றும். அவன் ஜூன் மாதம் ஜார்ஜியா பீச் பழம் சாப்பிட்டால் உதடு அரிக்கிறது என்பான். பழம் பிடிக்காமல் சாக்குச் சொல்கிறான் என்று நானே கடிந்திருக்கிறேன். பிர்ச் மகரந்தத்தில் இருக்கும் புரதத்தைப் போன்ற ஒன்று வேகவைக்காத ஆப்பிள், பீச், கேரட்டிலும் இருப்பதால் வருவது அது என்று பரிசோதனைக்குப் பிறகுதான் தெரிந்தது. வேகவைத்துக் கொடுத்தால் ஒன்றும் செய்வதில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

எல்லோரும் முதலில் எடுப்பது மாத்திரை. சிட்ரிசின், லொராட்டடின், ஃபெக்ஸோஃபெனடின் மூன்றும் சீட்டு இல்லாமலே கிடைக்கும்; ஸிர்டெக், கிளாரிட்டின், அலெக்ரா என்ற பெயர்களில் தெரியும். கடையின் சொந்தப் பெயரில் வருவதும் அதே மருந்துதான், விலை பாதிக்கும் குறைவு. தும்மல், அரிப்பு, மூக்கு ஒழுகல் இந்த மூன்றுக்கும் ஒரு மணி நேரத்தில் கேட்கும். மூக்கடைப்புக்குப் பெரிதாகக் கேட்காது. எனக்கு மாத்திரை போதாமல் போனது அங்கேதான்: தும்மல் நின்றது, ஆனால் இரவு முழுக்க வாயால் மூச்சு விட்டேன். சிட்ரிசின் சிலருக்குத் தூக்கம் தரும். வண்டி ஓட்டுபவர்களுக்கு ஃபெக்ஸோஃபெனடின் நல்லது, ஆனால் அதை ஆரஞ்சு ஜூஸிலோ ஆப்பிள் ஜூஸிலோ விழுங்கினால் உடம்பில் சேருவது குறைந்துவிடும். வெறும் தண்ணீர்தான். சிட்ரிசினை மாதக்கணக்கில் தினமும் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்துபவர்களில் சிலருக்குக் கடுமையான அரிப்பு வருவதாக 2025 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. அரிதுதான், ஆனாலும் வருடம் முழுக்கப் பழக்கமாகப் போடுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊரிலிருந்து பெட்டியில் வரும் மாத்திரைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மான்டிலூகாஸ்ட்டும் லெவோசிட்ரிசினும் கலந்த அட்டை பாதித் தமிழ் வீடுகளில் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் இருந்தது, அம்மா வரும்போதெல்லாம் பத்து அட்டை கொண்டுவருவார். மான்டிலூகாஸ்ட்டுக்கு அமெரிக்காவில் 2020 முதல் மிகக் கடுமையான எச்சரிக்கைக் கட்டம் உண்டு: மன அழுத்தம், கெட்ட கனவு, தற்கொலை எண்ணம் வரை மனநிலை மாற்றங்கள். வெறும் மூக்கு அலர்ஜிக்கு, மற்ற மருந்துகள் கேட்காதபோது மட்டும் கொடுங்கள் என்பது அதன் சாரம். குழந்தைக்கு அதைச் சாதாரணமாகப் பிய்த்துக் கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். நீங்களும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

மூக்கடைப்புக்கு என்று கடையில் கிடைப்பவற்றில் கவனம் வேண்டும். ஃபீனைல்எஃப்ரின் என்ற மருந்து மாத்திரையாக உள்ளே போனால் மூக்கடைப்புக்குப் பயன் தருவதில்லை என்று அந்தத் துறையின் நிபுணர் குழு 2023-ல் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. இன்னும் பல பெட்டிகளில் இருக்கிறது. ஆக்சிமெட்டாஸோலின் ஸ்பிரே நொடியில் மூக்கைத் திறக்கும், ஆனால் மூன்று நாளுக்கு மேல் போனால் மூக்கு அதற்கே பழகி முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். ஒரு தோழி அதை நான்கு மாதம் விட முடியாமல் தவித்தாள்.

இனி ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே. ஃப்ளூட்டிகசோன், ட்ரையாம்சினோலோன், மொமெட்டசோன். ஃப்ளோனேஸ், நாசகார்ட், நாசோனெக்ஸ் என்று வருபவை. ஸ்டீராய்டு என்றதும் நம் வீடுகளில் ஒரு பதற்றம் வரும். எனக்கும் வந்தது. இந்த ஸ்பிரேயின் அளவு மைக்ரோகிராம் கணக்கு, வேலை செய்வது மூக்கின் உள்தோலில், இரத்தத்தில் கலப்பது மிகக் கொஞ்சம். மிதமானது முதல் கடுமையானது வரையிலான பருவ அலர்ஜிக்கு, 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் மருந்தாக இதையே கொடுக்கலாம், கூடவே மாத்திரை சேர்ப்பதால் பெரிய ஆதாயம் இல்லை என்று அமெரிக்க அலர்ஜி மருத்துவர்களின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. அடைப்பு, தும்மல், ஒழுகல், ஓரளவுக்குக் கண் அரிப்பும் கூட இதில் அடங்கும். சிறுவர்களுக்கு மட்டும் ஒரு வரம்பு: ஃப்ளூட்டிகசோனை 4 முதல் 11 வயதுக்குள் வருடத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் டாக்டரைக் கேட்காமல் தரக் கூடாது. வளர்ச்சி வேகம் சற்றுக் குறையலாம் என்பதுதான் காரணம்.

ஸ்பிரே வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களிடம் நான் இரண்டு கேள்வி கேட்பேன். எப்போது ஆரம்பித்தீர்கள்? எப்படி அடிக்கிறீர்கள்? இது முழுப் பலன் தர ஒன்று இரண்டு வாரம் ஆகும். மூக்கு அடைத்த பிறகு ஆரம்பித்து, மூன்று நாளில் தூக்கிப் போட்டால் எப்படித் தெரியும்? நான் நாலு வசந்தம் அதைத்தான் செய்தேன். அடிக்கும் விதமும் யாரும் சொல்லித் தரவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, நேராக மேலே பீய்ச்சி, உறிஞ்சி இழுப்பேன். மருந்து தொண்டைக்குள் கசப்பாக இறங்கும், நடுத்தண்டில் பட்டு இரத்தமும் கசியும். பிறகு ஒரு நர்ஸ் என் கையைப் பிடித்துக் காட்டினார்: முதலில் பாட்டிலைக் குலுக்க வேண்டும். தலையை லேசாக முன்னால் குனிய வேண்டும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. நுனி அந்தப் பக்கத்துக் காதைப் பார்த்திருக்க வேண்டும், நடுத்தண்டைப் பார்க்கக் கூடாது. அடித்துவிட்டு ரோஜாப்பூவை முகர்வது போல் மென்மையாக மூச்சை இழுத்தால் போதும். அதற்கப்புறம் இரத்தம் வரவே இல்லை. அடுத்த வசந்தத்தில் முதல் முறையாகப் பிப்ரவரி நடுவிலேயே ஆரம்பித்தேன். ஓக் சரங்கள் உதிர்ந்து கிடந்த ஏப்ரல் முதல் வாரத்தில் நான் வாய் மூடித் தூங்கினேன்.

ஸ்பிரேயிலேயே இன்னொரு வகை அஸிலாஸ்டின். சீட்டு இல்லாமல் விற்க 2021-ல் அனுமதி கிடைத்தது. இது ஸ்டீராய்டு இல்லை, கால் மணி அரை மணியில் கேட்கும், வாயில் கசப்பு இருக்கும். மோசமான நாளுக்குக் கைவசம் வைத்துக்கொள்ள நல்லது.

மூக்கைக் கழுவுவது நமக்குப் புதிதில்லை. யோகா வகுப்பில் ஜலநேதி செய்தவர்களுக்குத் தெரியும். உப்புத் தண்ணீரால் கழுவும்போது மகரந்தமும் சளியும் வெளியே வந்துவிடும், மருந்துச் செலவும் கிடையாது. மாலையில் வீட்டுக்குள் வந்ததும் கழுவிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து ஸ்பிரே அடித்தால் மருந்து நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. 2011-ல் லூசியானாவில் குழாய்த் தண்ணீரால் இப்படி மூக்கைக் கழுவிய இருவர் மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தார்கள். குடிக்கும்போது வயிற்றில் ஒன்றும் செய்யாத உயிரி, மூக்கு வழியாகப் போனால் மூளைக்கு ஏறிவிடுகிறது. ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர், இல்லையென்றால் கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டர். இதில் சலுகையே கிடையாது.

வீட்டைப் பாதுகாப்பது பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஜன்னலை மூடுவது, வெளியே போய் வந்ததும் குளித்துத் தலையை அலசுவது, செருப்பை வெளியே விடுவது எல்லோருக்கும் தெரிந்ததே. மார்ச், ஏப்ரலில் டெக்கில் துணி காயப்போடுவதையும் வற்றல் வடகம் போடுவதையும் விட்டுவிடுங்கள். நுண்ணிய மகரந்தம்கூடப் புகைத்துகளைவிடப் பெரியது என்பதால் ஏசிக்கு மெர்வ் 8 ஃபில்டரே பெரும்பகுதியைப் பிடித்துவிடும் (மெர்வ் என்பது ஃபில்டர் எவ்வளவு வடிகட்டும் என்பதைக் காட்டும் எண்). மெர்வ் 13 வாங்கினால் பழைய மோட்டார் திணறக்கூடும், சர்வீஸ் செய்பவரிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள். படுக்கை அறையில் காற்றைச் சுத்தம் செய்யும் ஒரு ஹெபா கருவி வைத்தது எங்களுக்கு உதவியது.

உள்ளூர்த் தேன் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று அநேகமாக எல்லா உழவர் சந்தையிலும் சொல்வார்கள். தேனீ மொய்ப்பது தேனுள்ள பூக்களை. ஓக்கும் பிர்ச்சும் காற்றில் விடும் மகரந்தம் தேனில் சேருவது சொற்பம். தேன் நல்ல பொருள், தோசைக்குத் தொட்டுக்கொள்ளுங்கள், ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு மட்டும் தராதீர்கள். ஆவி பிடித்தால் கொஞ்ச நேரம் மூக்கு திறக்கும், அவ்வளவுதான்.

இதுவரை சொன்னவை எல்லாம் அறிகுறியை அடக்கும் வழிகள். நிறுத்தினால் அடுத்த பருவத்தில் பழையபடி வரும். உடம்பின் பகையையே தணிக்கும் வழிகள் இரண்டு: நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் நாக்கடி மாத்திரை, ஊசி.

நாக்கடி மாத்திரை கேட்க அருமையாக இருக்கிறது. ஊசி இல்லை, முதல் மாத்திரையை மட்டும் டாக்டர் முன்னால் போட்டு அரை மணி இருக்க வேண்டும், பிறகு தினமும் வீட்டிலேயே. இந்தியா போனாலும் கையோடு எடுத்துப் போகலாம். அமெரிக்காவில் 2014-ல் புல்லுக்கு இரண்டும் ராக்வீடுக்கு ஒன்றும், 2017-ல் வீட்டுத் தூசிப் பூச்சிக்கு ஒன்றும் அனுமதி பெற்றன. சிக்கல் என்னவென்றால், மர மகரந்தத்துக்கு இங்கே அனுமதி பெற்ற நாக்கடி மாத்திரை இல்லை. ஐரோப்பாவில் பிர்ச்சுக்கு இருக்கிறது. அட்லாண்டாவின் பெரிய துன்பமே மரம்தான் என்னும்போது இது எங்களுக்கு எட்டாக்கனி.

புல்லுக்காவது எடுக்கலாமா என்று கேட்டேன். அதிலும் ஒரு செய்தி இருந்தது. அந்த மாத்திரைகள் திமோத்தி போன்ற வடபுலப் புற்களுக்கானவை. இங்கே வீட்டு முன்னால் வெயில் படும் இடமெல்லாம் வளர்ப்பது பெர்முடா புல். பெர்முடா என்பது வேறு எதுவும் இல்லை, நம் அருகம்புல். பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அதே சினோடான் டாக்டிலான். அது வேறு கிளையைச் சேர்ந்தது, திமோத்தியின் புரதத்தோடு ஒத்துப்போவது குறைவு. திமோத்திக்கு உறவான ஃபெஸ்க்யூ புல்லால் அவதிப்படுபவருக்குத் திமோத்தி மாத்திரை உதவலாம், அருகம்புல்லால் அவதிப்படுபவருக்கு உதவும் என்று நம்ப முடியாது. உங்கள் பரிசோதனைத் தாளில் புல் என்று மட்டும் பார்க்காமல் எந்தப் புல் என்று பாருங்கள். ராக்வீட் மட்டுமே பிரச்சினை என்றால் நாக்கடி மாத்திரை நல்ல வழி. என் கணவருக்கு அதைத்தான் யோசிக்கிறோம். பருவத்துக்கு 12 வாரம் முன்பே ஆரம்பிக்க வேண்டும் என்பதால் அவருக்கு மே மாதம் வரை நேரம் இருக்கிறது.

ஊசி நூறு வருடத்துக்கு மேல் பழைய வழி. 1911-ல் லண்டனில் லெனார்டு நூன் என்ற மருத்துவர் புல் மகரந்தச் சாற்றைச் சிறுகச் சிறுகச் செலுத்திப் பார்த்து எழுதியதிலிருந்து தொடங்குகிறது. இன்றும் அடிப்படை அதேதான். உங்களுக்கு ஆகாத மகரந்தங்களின் சாற்றைக் கலந்து, மிகக் குறைந்த அளவில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போவார்கள். முதல் மூன்று முதல் ஆறு மாதம் வாரம் ஒன்றிரண்டு முறை. பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை, மூன்று முதல் ஐந்து வருடம். முடித்த பிறகும் பலன் வருடக்கணக்கில் நிற்கும், இதுதான் இதன் பெருமை. ஓக், பிர்ச், அருகம்புல் எல்லாவற்றையும் ஒரே சிகிச்சையில் சேர்க்கலாம். கை தடிப்பது, அரிப்பது சகஜம். அரிதாக உடம்பு முழுக்க ஒவ்வாமை கிளம்பி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் அரை மணி அங்கேயே உட்கார வைப்பார்கள். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஊசி கூடாது. இரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் போடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் மருத்துவம் தாண்டிய கேள்விகள் இருக்கின்றன, அவற்றை டாக்டர் கேட்கமாட்டார். மூன்று வருடம் இதே ஊரில் இருப்போமா? வேலை மாறினால் இன்ஷூரன்ஸ் மாறும். மகரந்தச் சாறு கலக்கும் செலவும் ஒவ்வொரு முறையும் நாம் கட்டும் கோபேயும், இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய டிடக்டிபிளில் எப்படி விழும் என்று புதிதாகக் கணக்குப் போட வேண்டும். வேறு மாநிலம் போனால் புது கிளினிக் தன் சொந்தச் சாற்றில் பழையபடி குறைந்த அளவிலிருந்து ஆரம்பிக்கலாம். எங்கள் தெருவில் ஒருவர் ஒன்றரை வருடம் போட்ட பிறகு வேலை போய் டல்லாஸ் போனார், அங்கே மறுபடி முதலிலிருந்து. டிசம்பரில் ஐந்து வாரம் ஊருக்குப் போகிறவர்கள் அளவு ஏறும் கட்டத்தில் இருந்தால் திரும்பி வந்து பின்வாங்கித் தொடங்க வேண்டியிருக்கும். செப்டம்பரில் ஆரம்பித்தால் மார்ச்சுக்குள் முழு அளவை எட்டலாம் என்று டாக்டர் சொன்னார். எங்களுக்கு டிக்கெட் போட்டாயிற்று, அப்பாவின் எண்பதாவது பிறந்தநாள். அதனால்தான் ஜனவரி.

எனக்கு ஊசி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். சரியான நேரத்தில் ஆரம்பித்த ஸ்பிரே எனக்குப் போதுமானதாக இருந்தது. என் துன்பம் வருடத்தில் எட்டு வாரம், நெஞ்சுக்கு இறங்கவில்லை. அதற்காக வாரம் ஒரு முறை ஜிஏ 400 நெடுஞ்சாலை நெரிசலில் போய் அரை மணி காத்திருப்பது எனக்குச் சரிப்படாது. ஸ்பிரேயும் அஸிலாஸ்டினும் போட்டும் தூங்க முடியாமல் தவிப்பவராக நான் இருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பேன்.

மகன் விஷயம் வேறு. அவனுக்கு ஸ்பிரே மூக்கைச் சரி செய்கிறது, ஆனால் அந்த மே மாத இரவின் விசில் சத்தம் என் காதில் இருக்கிறது. இன்னும் ஆஸ்துமா என்று சொல்லும் நிலை வரவில்லை என்கிறார் டாக்டர். மூக்கு அலர்ஜி உள்ள குழந்தைகளில் கணிசமானவர்களுக்குப் பின்னால் ஆஸ்துமா வருகிறது. ஐரோப்பாவில் பிர்ச் அல்லது புல் மகரந்த அலர்ஜி இருந்த, 6 முதல் 14 வயது வரையிலான 205 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மூன்று வருடம் ஊசி போட்டார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது, தொடக்கத்தில் ஆஸ்துமா இல்லாதவர்களில் ஊசி போட்டவர்களில் நான்கில் ஒருவருக்கு ஆஸ்துமா வந்திருந்தது. போடாதவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு. சின்ன ஆய்வுதான், யாருக்கு ஊசி, யாருக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்படி நடத்தியது என்ற குறையும் அதற்கு உண்டு. ஆனால் மாத்திரையோ ஸ்பிரேயோ தரும் என்று யாரும் சொல்லாத ஒன்றை இது காட்டுகிறது. அவனுக்கு ஒன்பது வயது. பிர்ச்சும் புல்லும் அவன் தாளில் இருக்கின்றன. அடுத்த மூன்று வருடம் பள்ளிக்காக இந்தக் கவுண்டியில்தான் இருக்கப் போகிறோம். எனக்கு எடுக்கத் தோன்றாத சிரமத்தை அவனுக்காக எடுக்கலாம் என்று படுகிறது.

கணவருக்கு இன்னும் தயக்கம். வேலைச் சந்தை இப்போது இருக்கும் நிலையில் மூன்று வருடம் என்று எப்படிச் சொல்வாய் என்கிறார், அதுவும் நியாயம்தான். முதல் ஆறு மாதத்துக்கு மட்டும் இன்ஷூரன்ஸிடம் எழுத்தில் செலவைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். மகனிடமும் பேசினேன். ஊசி ஒவ்வொரு வாரமுமா என்று கேட்டான், ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, சாக்கரை நிறுத்த வேண்டாம்தானே என்று கேட்டான். இல்லை என்றேன். அப்படியென்றால் சரி என்றான்.

ஜனவரி இரண்டாவது வாரத்தில் ஒரு வியாழக்கிழமை மாலைக்கு இடம் கேட்டு வைத்திருக்கிறோம். வருகிற வசந்தத்துக்குள் அந்த ஊசியின் முழுப் பலன் கிடைக்காது, அதனால் சமையலறை நாள்காட்டியில் பிப்ரவரி 15-ஐ வட்டமிட்டிருக்கிறேன். அன்றிலிருந்து அவனுக்கும் எனக்கும் ஸ்பிரே. அவனுடைய கணக்கு இரண்டு மாதம் என்பதால் ஏப்ரல் 15-ல் இன்னொரு வட்டம், டாக்டரைப் பார்க்க.